அரசாணை போய்ச் சேரும் இடம்



பொதுக் கொள்கை, ஆளுகை, தலைமைத்துவம் என்றெல்லாம் பெயர் தாங்கிய பட்டப் படிப்புகள் இன்று நம் பிள்ளைகளின் கண்முன் ஏராளமாக நிற்கின்றன. பொறியியல் முடித்தவர்கள், வேளாண்மை படித்தவர்கள், இலக்கியம் படித்தவர்கள், குடிமைப் பணித் தேர்வை எழுதி எழுதிக் களைத்துப்போனவர்கள் என எல்லோரும் வந்து கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" இந்தக் கேள்விக்குத் தரவரிசைப் பட்டியலே விடை சொல்லிவிடும், அதற்கு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை. நான் உங்களைக் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி. ஓர் அரசாணை புனித ஜார்ஜ் கோட்டையில் கையெழுத்தாகிறது. அது மாவட்ட ஆட்சியரகம் போய், வட்டார வளர்ச்சி அலுவலகம் போய், கடைசியில் ஓர் அங்கன்வாடியிலோ நியாயவிலைக் கடையிலோ துணை சுகாதார நிலையத்திலோ ஒரு மனிதரின் கைக்கு வந்து சேர்கிறது. நீங்கள் சேரவிருக்கும் படிப்பு உங்களை அந்தப் பாதையில் எங்கே நிறுத்துகிறது? கையெழுத்து விழும் மேசையிலா, அது போய்ச் சேரும் இடத்திலா? இன்றைய உரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

பொதுக் கொள்கைப் படிப்பு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையுறை உற்பத்தியில் செல்வம் சேர்த்தவரும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான லூசியஸ் லிட்டவர் 20 லட்சம் டாலர் கொடை தந்தார். அதைக் கொண்டு 1936இல் ஹார்வர்டில் பொது நிர்வாகப் பள்ளி நிறுவப்பட்டது. அதுவே 1966இல் ஜான் எஃப். கென்னடியின் பெயரைப் பெற்றது. 1960களின் கடைசியில் அங்கேயும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் புதிதாக வார்க்கப்பட்டது. பழைய பொது நிர்வாகப் படிப்பு அலுவலகத்தை எப்படி நடத்துவது என்று கற்பித்தது. புதிய பொதுக் கொள்கைப் படிப்போ பொருளியல், புள்ளியியல், செயல்முறை ஆய்வு ஆகிய மூன்றையும் கருவியாக்கி, எந்த முடிவை எடுப்பது என்று கற்பித்தது. கணக்குச் சரியாக இருந்தால் முடிவும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் வலுவாக இருந்தது. இந்திய நிர்வாகம் பற்றி அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பி தந்த 1953ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1954இல் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் தில்லியில் தோன்றியது. பணியில் இருப்போருக்கான பொதுக் கொள்கைப் படிப்பை பெங்களூரு ஐ.ஐ.எம். 2002இல் தொடங்கியது. சிங்கப்பூரில் லீ குவான் யூ பள்ளி 2004இல் வந்தது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் இரண்டாண்டு முதுகலை 2014இல் வந்தது. மற்றவை பெரும்பாலும் அதற்குப் பின்னர் முளைத்தவை.

கணக்கின் மீதான அந்த நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்த இடம் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம். 1966இல் அமெரிக்க மத்திய அரசின் பொருளாதார மேம்பாட்டு முகமை அந்நகரத்துக்கு ஏறத்தாழ 2.3 கோடி டாலர் ஒதுக்கியது. துறைமுகமும் விமான நிலையப் பணிமனையும் விரியும், வேலையில்லாமல் தவித்த கறுப்பின மக்கள் உள்ளிட்டோருக்கு 3,000 வேலைகள் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு இல்லை, பணப் பற்றாக்குறை இல்லை, நோக்கத்திலும் குறை இல்லை. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சிறு பங்குதான் செலவாகியிருந்தது. கிடைத்த வேலைகள் மிகச் சொற்பம். பெர்க்லி கொள்கைப் பள்ளியின் முதல் தலைவரான ஆரன் வைல்டாவ்ஸ்கியும் ஜெஃப்ரி பிரஸ்மனும் இதை ஆராய்ந்து 1973இல் 'அமலாக்கம்' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார்கள். அந்தத் திட்டம் நிறைவேற எத்தனை பேர், எத்தனை கட்டங்களில் சம்மதிக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தார்கள். எழுபது ஒப்புதல்கள் வந்தன. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சம்மதம் கிடைக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். எழுபதும் கிடைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது.

ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் அமலாக்கத்துக்கு அதில் என்ன இடம் என்று பாருங்கள். நுண்பொருளியலுக்கு இரண்டு பருவம், புள்ளியியலுக்கு இரண்டு பருவம், அமலாக்கத்துக்கு விருப்பப் பாடம் ஒன்று என்றிருந்தால், அந்தப் படிப்பு உங்களைக் கையெழுத்து மேசையருகே உட்கார வைக்கப் போகிறது என்று பொருள்.

அதற்காகக் கணக்கை வெறுத்துவிடாதீர்கள். களம் போதும், எண்கள் வேண்டாம் என்று சொல்லும் படிப்பும் அரைகுறைப் படிப்புதான். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் இன்று ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் ஒரு நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளை எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய்வர வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும், செல்பேசியில் படமெடுத்து ஏற்ற வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியும் கற்றுத்தர வேண்டும். திட்டத்தின் தாளில் எல்லாம் இருக்கிறது. அந்த அம்மாவின் நாளில்தான் மணி போதவில்லை.

அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தமிழக அரசுடன் சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அவற்றில் பாதியைத் தேர்ந்து, அங்கே மட்டும் முன்பருவக் கல்விக்கென அரை நாள் வேலை செய்யும் இன்னொரு பணியாளரை அமர்த்தினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து ஒப்பிட்டபோது, பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. புதிய பணியாளரின் வேலை கற்பிப்பது மட்டும்தான். ஆனாலும் அந்த மையங்களில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் விகிதமும், கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள பிள்ளைகளின் விகிதமும் குறைந்திருந்தன. பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்தது. அவர் அந்த நேரத்தை ஊட்டச்சத்துப் பணிக்குக் கொடுத்தார்.

இந்த ஆய்வை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. அங்கன்வாடிகள் சரியாக நடக்கவில்லை என்றதும் நமக்கு உடனே தோன்றுவது கண்காணிப்பு: கேமரா வை, விரல் ரேகை வாங்கு, விளக்கம் கேள். சிக்கல் ஊழியரின் நேர்மையில் இல்லாமல் நேரப் பற்றாக்குறையில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு திறன்கள் தேவைப்பட்டன. அந்த அம்மாவின் அருகில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பொறுமை ஒன்று. அங்கே தோன்றிய ஊகத்தை 640 மையங்களில் சோதித்துப் பார்க்கும் புள்ளியியல் இன்னொன்று. இரண்டையும் ஒரே மாணவருக்குக் கற்றுத்தரும் படிப்பே என் கண்ணில் நல்ல படிப்பு. அப்படிப்பட்டவை குறைவு. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. புள்ளியியலையும் பொருளியலையும் கற்றுத்தந்துவிட்டுச் சாதியைப் பற்றி ஒரு வகுப்புகூட நடத்தாத பாடத்திட்டங்கள் இருக்கின்றன. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, தொகையும் இருக்கிறது, சாவு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு செலவு–பயன் கணக்கில் விடை கிடைக்காது. யார் எந்த வேலைக்குப் பிறந்தவர் என்று ஊர் நினைக்கிறதோ அங்கேதான் விடை இருக்கிறது. இந்தியாவில் கொள்கை படிப்பவர் அதைப் படிக்காமல் பட்டம் வாங்கக் கூடாது.

இனி தலைமைத்துவம். இந்தப் பெயரில் விற்கப்படும் பாடங்களில்தான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெற்றி பெற்றவர்களை அழைத்து வந்து பேச வைப்பது, மேடைப் பேச்சுப் பயிற்சி, ஆளுமைச் சோதனைத் தாள்கள் என அதிலேயே ஒரு பருவம் ஓடிவிடும். நல்ல தலைமை வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு கென்னடி பள்ளியிலேயே ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான இரண்டு மரபுகள் உண்டு. ரொனால்ட் ஹைஃபெட்ஸ் மனநல மருத்துவம் பயின்றவர், செல்லோ வாசிப்பவர். அவருடைய வகுப்பில் வகுப்பறையே பாடம். ஆசிரியர் வழக்கமான அதிகாரத்தைக் கையில் எடுக்காமல் விட்டுவிடும்போது மாணவர்கள் தவிக்கிறார்கள், எரிச்சலடைகிறார்கள், ஒருவர் முந்துகிறார், இன்னொருவர் ஒதுங்குகிறார். அதையே அங்கே ஆராய்கிறார்கள். நிபுணர் வந்து தீர்க்கக்கூடிய சிக்கல் வேறு, மக்கள் தங்கள் பழக்கத்தையும் பற்றையும் மாற்றிக்கொண்டால் ஒழியத் தீராத சிக்கல் வேறு என்பது அவர் வலியுறுத்தும் பாகுபாடு. இரண்டாம் வகைச் சிக்கலில் யாரோ எதையோ இழக்க வேண்டியிருக்கும். அந்த இழப்பை மக்கள் தாங்கக் கூட இருந்து உதவுவதே அங்கே தலைமை.

மற்றவர் மார்ஷல் கான்ஸ். 1964இல் ஹார்வர்டில் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குப் போனார். பிறகு கலிபோர்னியாவில் சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தார். 1990களின் தொடக்கத்தில் திரும்பிவந்து பட்டத்தை முடித்து, 2000இல் முனைவரானார். அவர் வகுப்பில் சேர்பவர்கள் உண்மையான மனிதர்களைத் திரட்டி, உண்மையான ஒரு கோரிக்கைக்காக அந்தப் பருவத்திலேயே வேலை செய்ய வேண்டும். கட்டுரை எழுதிக் கொடுத்து மட்டும் தப்பிக்க முடியாது.

இந்த இரண்டு மரபுகளையும் சோதித்துப் பார்க்க நமக்கு உள்ளூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நான் பாடத்திட்டம் எழுதினால் அதை முதல் வாரத்திலேயே வைப்பேன். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் அதை ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், யாரும் மனுத் தாக்கல் செய்ய மாட்டார்கள். மீறி ஒருவர் வென்றால் பதவியேற்ற சூட்டோடு விலகல் கடிதம் கொடுக்க வைப்பார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், தேர்தல் ஆணையமும், காவல் துறையும் இருந்தும் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு, 1997இல் மதுரை மாவட்டத்தின் மேலவளவில், ஒதுக்கீட்டில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டதே சாட்சியாக இருந்தது. மனுத் தாக்கல் செய்பவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

2006 அக்டோபரில், அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில், அவருடைய மாவட்டத்து மூன்று ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்று, பதவியில் நீடித்தார்கள். கொட்டக்கச்சியேந்தலிலும் அவ்வாறே நடந்தது. ஆட்சியர் ஊர்களுக்குப் போனார், திரும்பத் திரும்பப் பேசினார். அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவில் கையெழுத்திட்ட அந்த மனிதர்கள் இருந்தார்கள். ஊரைவிட்டுப் போகாமல் அதே தெருவில் வாழ வேண்டியவர்கள் அவர்கள். இதில் தலைமை யாருடையது? சட்டத்தை எழுதியவருடையதா, ஆட்சியருடையதா, போராடிய இயக்கங்களுடையதா, கையெழுத்திட்டவருடையதா? ஒரு வகுப்பு இந்தக் கேள்வியோடு மூன்று மணி நேரம் மல்லாடினால், அது தலைமை வகுப்பு.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. தலைமை என்பது பிறவிக் குணம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை இதை அசைத்தது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகள் கூடுதலாக நடந்திருந்தன. குடிநீர் அங்கே பெண்கள் அதிகம் கேட்ட தேவை. ஒரு விதி மாறியதும் தலைவர்கள் உருவானார்கள். ஊரின் முன்னுரிமையும் மாறியது. தனிமனிதத் திறமையை மட்டும் வளர்ப்பதாகச் சொல்லும் தலைமைப் படிப்பு இந்தச் செய்தியை எங்கே வைக்கிறது என்று கேளுங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். கொள்கைப் படிப்பு குடிமைப் பணித் தேர்வுக்கான பயிற்சி மையமாகாது. அந்த நோக்கத்தோடு சேர்பவர் இரண்டு ஆண்டுகளை இழப்பார். இன்னும் வேலைக்கே போகாதவர்கள், கூடுமானால் ஓரிரு ஆண்டுகள் ஓர் அரசுத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ ஊராட்சியிலோ வேலை செய்துவிட்டுச் சேருங்கள். கேள்வி இல்லாமல் வகுப்புக்குப் போனால் விடைகள் ஒட்டாது. நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இதற்கு ஏற்ற வழி. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, இளைஞர்கள் அரசுத் துறைகளுக்குள் இருந்தபடியே வேலையும் படிப்புமாக இரண்டு ஆண்டுகளைக் கழிக்கும்படி அது வகுக்கப்பட்டது. ஆய்வில் நாட்டமுள்ளவர்கள் 1971இல் மால்கம் ஆதிசேஷையா தோற்றுவித்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைத் தட்டிப் பாருங்கள். பணியில் பல ஆண்டுகள் கழித்தவர்களுக்கு கென்னடி பள்ளியின் ஓராண்டுப் படிப்பைப் போன்றவை பொருந்தும்.

வெளிநாட்டுப் படிப்பின் கடனைப் பற்றி ஒரு சொல். பெற்றோர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். பெருங்கடன் வாங்கிப் பொதுப்பணிக்கான பட்டம் பெறும் பிள்ளை, அந்தக் கடனை அடைக்கவே ஆலோசனை நிறுவனத்துக்கு வேலைக்குப் போக நேர்கிறது. ஊராட்சியில் வேலை செய்யும் ஆசை மாதத் தவணையில் கரைந்துவிடுகிறது. உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்கவில்லை என்றால், உள்நாட்டில் குறைந்த கட்டணத்தில் படித்துக் கடனில்லாமல் வெளியே வருபவருக்கு நல்ல வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருக்கும். நான் அந்த உரிமைக்கே அதிக மதிப்பு கொடுப்பேன்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன; காசும் வேண்டாம். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த துறையின் குறிப்பை எடுத்து முழுதாகப் படியுங்கள். அதே துறையைப் பற்றிய தணிக்கை அறிக்கையை அருகில் வைத்துப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உங்களுக்கு ஒரு கேள்வி பிறக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்தக் கேள்வியை மனுவாக எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊரின் கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். யார் பேசுகிறார்கள், யார் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். இவ்வளவையும் செய்தபின் எந்தப் பாடத்திட்டத்தைப் புரட்டினாலும் அதில் உங்களுக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தானாகத் தெரியும்.

கடைசியாக இப்பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். 1956இலேயே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. வட்டார அலுவலகத்தின் கோப்பு தமிழில் இருக்கிறது, கிராம சபைத் தீர்மானம் தமிழில் இருக்கிறது, அங்கன்வாடியின் பதிவேடு தமிழில் இருக்கிறது. பொதுக் கொள்கையைக் கற்பிக்கும் வகுப்பு மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதனால் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளை, அந்தப் பதிவேட்டை எல்லோரையும்விட நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை, வாசலிலேயே நின்றுவிடுகிறது. தமிழில் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்குங்கள். அதில் ஒரு பருவம் முழுவதையும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் அதன் கீழுள்ள ஊராட்சிகளிலும் கழிக்கச் செய்யுங்கள். அந்தப் பருவத்தின் முடிவில் மாணவர் தரும் அறிக்கையை முதலில் அந்த ஊர்க் கிராம சபையில் படிக்கட்டும். மதிப்பெண் பிறகு போடலாம். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் ஆண்டு வட்டியில் ஒரு பகுதியை அந்த மாணவர்களின் பேருந்துச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்க முடியுமா என்று அறங்காவலர்கள் கலந்து பேச வேண்டுகிறேன். பாடத்திட்டக் குழு கூடும் நாளைச் சொன்னால், வரைவோடு வருகிறேன்.